ஏஜென்ட் பெஞ்சு

அன்புள்ள கயல் தாயிக்கு,

அத்தை எழுதுவது. வாசல் முருங்கை இந்த வருஷமும் காய்த்துத் தள்ளுகிறது. இலையில் சாம்பாரைப் பார்த்தாலே உன் மாமா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விடுதியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னமும் ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டுமாகத்தான் வகுப்புக்கு ஓடுகிறாயா? இதற்கு மட்டும் மழுப்பாமல் பதில் எழுது.

உன் அப்பன் போனில் ஒரு சேதி சொன்னான். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க அவன் வாங்கிக் கொடுத்த ஆறாம் நம்பர் படிவத்தை மடித்து, ஏதோ பாடப் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருக்கிறாயாம். கேட்டதற்கு, “எல்லாக் கட்சியும் திருட்டுக் கூட்டம், மிஷினே ஃபிராடு, போட்டாலும் நோட்டாதான்” என்றாயாம். அவனுக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை. இந்த வயசில் கோபம் வராத பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்.

உன் கோபத்துக்கு நியாயமும் இருக்கிறது. கட்சிகளுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஊருக்குத் தெரியாமலே தேர்தல் பத்திரம் என்று ஒன்று 2018 முதல் நடந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. நேற்று மேடையில் வைத கட்சியில் இன்று சால்வை வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் நீ வளர்ந்தாய். இவர்களை நம்பு என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? நம்ப வேண்டாம். ஆனால் சந்தேகப்படுவதை எங்கே போய், எந்த நேரத்தில் படவேண்டும் என்று தெரிந்து படு. அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

மிஷின் கதையை முதலில் கேள். நம் நாட்டில் அது முதன்முதலாக வந்தது 1982 மே மாதம், கேரளாவில் பரவூர் தொகுதியில். 84 வாக்குச்சாவடிகளில் 50-இல் மிஷின் வைத்தார்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, இது சட்டத்துக்கு ஒவ்வாது என்று தேர்தலுக்கு முன்னாலேயே நீதிமன்றம் போனார். தேர்தலில் அவரே 123 ஓட்டில் ஜெயித்துவிட்டார். அப்புறம் தோற்றுப்போன காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் அதே வாதத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சட்டத்தில் மிஷினுக்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்த 50 சாவடிகளிலும் மறுபடி சீட்டு முறையில் தேர்தல் நடந்து ஜோஸ் ஜெயித்தார். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். நாற்பது வருஷமாக இதே நடையைத்தான் நான் பார்க்கிறேன்: தோற்றவர்களுக்கு மிஷின் கெட்டது, ஜெயித்த மறுநாள் அது நல்லது. இதில் எந்தக் கட்சிக்கும் விலக்கில்லை.

பழைய சீட்டு முறைக்கே போய்விடலாம் என்று உன் சிநேகிதப் பிள்ளைகள் சொல்லலாம். அந்தக் காலத்திலும் நான் தேர்தல் வேலை பார்த்தவள். சீட்டில் குத்தும் முத்திரைக்கு ஏன் சுழலும் அம்புச் சிலுவை வடிவம் வைத்தார்கள் தெரியுமா? சீட்டை மடிக்கும்போது மை எதிர்ப்பக்கச் சின்னத்தில் ஒட்டிக்கொண்டாலும், சுழற்சி எந்தப் பக்கம் என்று பார்த்து, குத்தியது எது ஒட்டியது எது என்று சொல்லிவிடலாம். அவ்வளவு யோசித்துச் செய்த முறைதான். ஆனாலும் நாலு பேர் உள்ளே புகுந்து சீட்டுக் கட்டைப் பிடுங்கினால், அரைமணியில் நூற்றுக்கணக்கில் குத்திப் பெட்டியில் போட்டுவிட முடிந்தது. மிஷினில் ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் இடையில் நேரம் பிடிக்கும்; நிமிஷத்துக்கு நாலைந்துக்கு மேல் விழாது. அதற்குள் தலைமை அலுவலர் மூடும் பொத்தானை அழுத்திவிடலாம். 1996-இல் மொடக்குறிச்சியில் 1033 பேர் வேட்பாளராக நின்று, ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகவே அடிக்க வேண்டி வந்ததையும் சேர்த்துக்கொள். 2001-இல் நம் மாநிலத்தின் 234 தொகுதிகளுக்கும் மிஷின் வந்தபோது வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு நிம்மதிதான், எனக்கும்தான்.

அதற்காக மிஷினைக் கும்பிட்டு விழு என்று சொல்லவில்லை. ஓட்டு எண்ணப்படும் விதத்தை நிபுணர் அல்லாத ஒரு சாதாரண மனிதரும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-இல் சொன்னது. அது சரியான பேச்சு. இங்கே 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட் வந்ததும் அந்தக் கவலைக்குத்தான். பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு விநாடி நிற்கும். வரிசை எண், பேர், சின்னம். நம் ஜனம் பீப் சத்தம் கேட்டதுமே திரும்பி நடந்துவிடுகிறது. நீ அந்த ஏழு விநாடியும் நின்று பார். தப்பாகத் தெரிந்தால் அங்கேயே சொல். எழுதி வாங்கிக்கொண்டு கட்சி ஏஜென்ட்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போடவைப்பார்கள். பொய் என்றால் தண்டனை உண்டு, அதனால் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல். இப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடியின் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ணச் சொல்லிக் கேட்டதை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஐந்து போதாது, இன்னும் கொஞ்சம் கூட எண்ணினால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் எண்ணம்.

எந்த முறையானாலும் அதன் பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும், தாயி. 2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தல் நடந்ததே, அது முழுக்கச் சீட்டு முறை. மொத்தமே 36 ஓட்டு. தேர்தலை நடத்தியவரே எட்டுச் சீட்டில் கிறுக்கி, செல்லாத ஓட்டு என்று ஒதுக்கிவிட்டு, 16-க்கு 12 என்று முடிவு அறிவித்தார். அறையில் கேமரா இருந்தது. சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் அந்த எட்டையும் செல்லும் என்று சேர்த்து, தோற்றதாகச் சொல்லப்பட்டவரை மேயராக அறிவித்தது. கேமரா இல்லையென்றால் அந்தத் திருட்டு யார் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்? அதே வருஷம் டிசம்பரில், சாவடிக் கேமராப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்க முடியாதபடி தேர்தல் விதியைத் திருத்தினார்கள். வாக்காளரின் பாதுகாப்புக்காக என்றார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோபப்படுவதென்றால் இதற்குப் படு, உன்னோடு சேர்ந்து நானும் படுகிறேன்.

பெரும்பாலான கோளாறு மிஷின் பக்கத்தில்கூட வராது. அது பட்டியலில் உட்கார்ந்திருக்கும். செத்துப்போனவர் பேர் நிற்கும், வீடு மாறியவர் பேர் ரெண்டு இடத்தில் நிற்கும், உயிரோடு அதே தெருவில் இருப்பவர் பேர் போயிருக்கும். நிற்கக் கூடாத பேரில்தான் கள்ள ஓட்டு விழும். பீகாரில் 2025 ஆகஸ்ட் 1 அன்று வந்த வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 65 லட்சம் பேரின் பெயர் விடுபட்டது. யார், என்ன காரணத்தால் என்று வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த வழக்கில் எனக்கு உறைத்தது வேறு விஷயம். எல்லாக் கட்சிக்கும் சேர்த்து அங்கே 1.6 லட்சம் வாக்குச்சாவடி நிலை ஏஜென்ட்டுகள் இருந்தும் அவர்களிடமிருந்து வந்த ஆட்சேபம் ரெண்டுதானா என்று நீதிபதிகளே வியந்தார்கள். கொடுத்தாலும் வாங்கவில்லை என்று கட்சிகள் தரப்பில் சொன்னார்கள். எப்படியானாலும், தெருவில் இறங்கி வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்கிற ஆள் குறைந்துபோனால் என்ன நடக்கும் என்பது அதில் தெரிகிறது.

செருப்பு வாங்கும் முன்னால் முன்பின் தெரியாத நூறு பேரின் கருத்தைப் படிக்கிறவள் நீ. வரைவுப் பட்டியல் வரும்போதெல்லாம் ரெண்டு நிமிஷம் செலவழித்து உன் பேர், அப்பன் பேர், அம்மா பேர், எதிர்வீட்டுப் பாட்டி பேர் இருக்கிறதா என்று பார்க்க மாட்டாயா? புதுசாகச் சேர்க்க ஆறு, நீக்கச் சொல்ல ஏழு, திருத்தவும் இடம் மாற்றவும் எட்டு. வருஷத்தில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளைக் கணக்கு வைத்து வயசு பார்க்கிறார்கள். தேர்தல் அன்று காலையில் போய்ப் பேர் இல்லை என்று அழுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது நான் மனசில் வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ வெறுக்கிற கட்சிக்காரர்களைப் பற்றி.

வாக்குச்சாவடிக்குள் ஓரமாக ஒரு பெஞ்சு போட்டிருக்கும். பூத் ஏஜென்ட்டுகள் உட்கார. பெரும்பாலும் எட்டாவதோ பத்தாவதோ படித்த உள்ளூர் ஆட்கள். கையில் பட்டியல், காதில் பேனா. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், இருட்டுப் பிரியும் வேளையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். ஐம்பது ஓட்டாவது போட்டுக்காட்ட வேண்டும், நோட்டா உட்பட ஒரு பொத்தானும் விடாமல். மிஷினில் விழுந்ததும் விவிபேட் சீட்டும் ஒத்துப்போகிறதா என்று அவர்கள்தான் எண்ணிப் பார்ப்பார்கள். பிறகு அத்தனையும் அழித்து, கணக்கு சைபர் என்று காட்டி, பச்சைக் காகித சீலில் அவர்கள் கையெழுத்தும் வாங்கித்தான் மிஷினை மூடுவோம். சீல் நம்பரை அவர்கள் குறித்துக்கொள்வார்கள். ரெண்டு வேட்பாளரின் ஏஜென்ட்டாவது வரவேண்டும் என்று கால்மணி நேரம் காத்திருக்கச் சொல்லி விதியே இருக்கிறது. ஏன்? ஒருத்தர் கண்ணை இன்னொருத்தர் கண் காவல் காக்கட்டும் என்றுதான்.

நான் தலைமை அலுவலராக உட்கார்ந்த ஒரு கிராமத்துச் சாவடியில், முக்காடு போட்ட ஒரு பெண் பூத் ஸ்லிப்பையும் வாக்காளர் அட்டையையும் நீட்டினாள். அட்டையிலிருந்த படம் மங்கல், எனக்கோ அது வெளியூர். பெஞ்சிலிருந்து ரெண்டு கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் எழுந்து, “டீச்சர், அது அந்த வீட்டுப் பொண்ணு இல்லை, அந்தப் பிள்ளை திருப்பூரில் இருக்கு” என்றார்கள். முதல் நாள் ராத்திரி போஸ்டர் கிழிப்பில் கைகலப்பு வரைக்கும் போனவர்கள் அவர்கள். மத்தியானம் ஒரே பொட்டலத்திலிருந்து இட்லி சாப்பிட்டார்கள், சாப்பிடும்போதும் ஒருத்தர் பட்டியலை இன்னொருத்தர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆள் அது இல்லை என்று சந்தேகம் வந்தால் ரெண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அந்த ரெண்டு ரூபாய்க்கு உள்ள வலு, தொலைக்காட்சி விவாதத்தில் மணிக்கணக்காகக் கத்துகிறவர்களுக்குக் கிடையாது.

என் அடிவயிறு கலங்கியதெல்லாம் பெஞ்சில் ஒரே கட்சி உட்கார்ந்திருந்த சாவடிகளில்தான். எதிர்த்தரப்பு ஏஜென்ட் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து மணிக்கு ஒரு டீ என்று எழுந்து போனவர் திரும்பி வரவே மாட்டார். மிரட்டினார்களோ, விலைபேசினார்களோ. மத்தியானத்துக்கு மேல் கூட்டம் ஓய்ந்ததும் வெளியில் ஒரு மாதிரி நடமாட்டம் தொடங்கும். மூன்று ஆசிரியர்களும் ஒரு போலீஸ்காரரும் எவ்வளவுதான் உறுதியாக இருக்க முடியும்? கட்சிகள் எல்லாம் நல்லவர்களாகிவிட்டால் தேர்தல் சுத்தமாகும் என்று நீ நினைக்கிறாய். நான் பார்த்தவரைக்கும், ஒருத்தரையொருத்தர் நம்பாத கட்சிகள் ஒரே பெஞ்சில் சாயங்காலம் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்த இடத்தில் தேர்தல் சுத்தமாக இருந்தது. இதனால்தான் அவர்களை மொத்தமாகத் திருடர் என்று தள்ளாதே என்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்காருகிறவர் சால்வை மாற்றுகிற தலைவர் இல்லை. அன்றைய படிக்காசுக்கும் கொஞ்சம் ரோஷத்துக்கும் வந்தவர். உன் ஓட்டை வேறு யாரும் போட்டுவிடாமல் காப்பவர் அவர்.

மாலையில் மிஷினை மூடியதும் 17சி என்று ஒரு படிவம் எழுதுவோம். மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது, மிஷின் நம்பர் என்ன, சீல் நம்பர் என்ன. அதன் நகலை ஏஜென்ட்டுகளுக்குக் கொடுக்கவேண்டும். எண்ணும் நாளில் அந்தச் சாவடி மிஷினைத் திறக்கும்போது அதே எண்ணிக்கை காட்டவேண்டும். மிஷினை மாற்றிவிட்டார்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டைக் கூட்டிவிட்டார்கள் என்ற பேச்சுக்கெல்லாம் பதில் அந்த ஒற்றைத் தாள். அதைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு ஓடுகிற ஏஜென்ட்டுகளும் உண்டு. அவர்களைக் கூப்பிட்டுக் கையில் திணித்திருக்கிறேன்.

அன்றைக்கே பார்க்காமல் விட்டால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. 203 தபால் ஓட்டுகளில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லி அவற்றை ஒதுக்கியிருந்தார்கள். தபால் ஓட்டுப் போடுகிற ஆசிரியர்கள் எங்களுக்கெல்லாம் அது நெஞ்சில் குத்திய செய்தி. வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. எண்ணிய கணக்கு உறைக்குள்ளேயே இருந்தது.

‘சர்கார்’ படத்தில் 49பி என்று வந்ததே, அதையும் சொல்லிவிடுகிறேன், அதைப் பார்த்துவிட்டு நீ பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. உன் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால் டெண்டர் ஓட்டுப் போடலாம். ஆனால் அது மிஷினில் விழாது; சீட்டில் போட்டு உறையில் வைப்பார்கள், வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள். காலையிலேயே போய் உன் ஓட்டை நீயே போடுவது அதைவிட எத்தனையோ மேல்.

பணம். இதை எழுதாமல் இருந்தால் நான் பொய்க்காரியாவேன். 2009-இல் நம்ம பக்கத்துத் திருமங்கலம் இடைத்தேர்தலின் பேரே நாடு முழுக்க ஓட்டுக்குப் பணம் கொடுக்கிற சூத்திரமாக ஒட்டிக்கொண்டது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி என்று பணத்துக்காகத் தேர்தலை நிறுத்த வேண்டிய அளவுக்குப் போனது. தெருவுக்கு ஒரு ஆள், கையில் நோட்டு, வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று குறிப்பு. வாங்கியவர்களை நான் கேவலமாகப் பேசமாட்டேன், நீயும் பேசாதே. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் ஓடுகிற குடும்பத்துக்கு அந்தக் கவர் ஒரு மாதத்து அரிசி. எனக்கு வலிப்பது, வாங்கிய பிறகு குலசாமி மேல் சத்தியம் வாங்கிக்கொள்கிறார்களே, அது. உப்பைத் தின்றுவிட்டோமே என்று மருகி, மனசுக்குப் பிடிக்காத சின்னத்தில் கை வைக்கிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நீ சொல்லவேண்டியது ஒன்று உண்டு: உள்ளே எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பது ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. நம் வீட்டுக்குக் கவர் வந்தால் வாங்காதே. உன் அம்மா பின்னால் ஒளிந்துகொள்ளாமல் நீயே வாசலில் நின்று வேண்டாம் என்று சொல். முதல் தடவை சொல்லத்தான் கூச்சமாக இருக்கும்.

நோட்டா உன் உரிமை, தடுக்கமாட்டேன். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும் சட்டமன்றத் தேர்தலில் அடுத்து நிற்கிற ஆள்தான் ஜெயித்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு போடு. போடும் முன்னால் எல்லா வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் படி. சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும், ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். படித்த பிறகும் ஒருத்தரும் தேறவில்லை என்றால் நோட்டா போடு, நான் வாய் திறக்கமாட்டேன். படிக்கச் சோம்பல்பட்டுப் போட்டாயானால் சண்டைக்கு வருவேன்.

விடுமுறையில் ஊரில் இருந்தால் கிராமசபைக்குப் போய் உட்கார். தீர்மான நோட்டில் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து நின்று ஏன் என்று கேள். குரல் நடுங்கும், பரவாயில்லை. பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டி மேடையில் நடுங்கியபடியே முழுப் பேச்சையும் முடித்தவள்தானே நீ.

கடைசியாக, நான் கேட்கப் போவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். வரும் தேர்தலில் ஒரு நாள் அந்தப் பெஞ்சில் நீ ஏஜென்ட்டாக உட்காரவேண்டும். எந்தக் கட்சிக்கு என்று நான் கேட்கமாட்டேன். கட்சியே ஆகாதென்றால் உனக்கு மரியாதை தோன்றுகிற ஒரு சுயேச்சைக்கு உட்கார். வேட்பாளர் தரப்பில் பத்தாம் நம்பர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். அதற்கு முன்னால் உன் பேர் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும், அதை இந்த வாரமே முடி. அன்றைக்குச் செல்போனை உள்ளே விடமாட்டார்கள் என்று இப்போதே மனசைத் தயார் பண்ணிக்கொள். விசிறியும் தண்ணீரும் எடுத்துக்கொள், பல பள்ளிக்கூடங்களில் மின்விசிறி ஓடாது. சாயங்காலம் 17சி நகலைக் கேட்டு வாங்காமல் எழுந்திருக்காதே. மாதிரி வாக்குப்பதிவுக்கு விடியற்காலையிலேயே அங்கே இருக்கவேண்டும். நீ எட்டரை மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமில்லை என்று உன் அம்மா சொல்கிறாள். அலாரத்தை நம்பவேண்டாம், நாலு மணிக்கு நானே போன் போட்டு எழுப்புகிறேன்.

பிரியமுள்ள,
அத்தை